எந்தப் பூச்சியை விடுவது, எந்தப் பூச்சியைக் கொல்வது?

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். ஒரு சிறு தோட்டம். எலுமிச்சைக் கன்றின் இலைகளைப் புழு மொட்டையடிக்கிறது. கத்தரி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. பூசணியில் பிஞ்சு தெரிகிறது, நான்கு நாளில் மஞ்சளாகி உதிர்கிறது. மிளகாய்க் கொழுந்தில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, அதன்மேல் எறும்பு. ‘நன்மை செய்யும் பூச்சிகள் எவை, தீமை செய்பவை எவை என்று பட்டியல் கொடுங்கள். முதல் வகையை விட்டுவிட்டு இரண்டாவது வகைக்கு மட்டும் மருந்து அடித்துக்கொள்கிறேன்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் பெயரிலேயே மாட்டிக்கொள்வேன். வண்ணத்துப்பூச்சியை எந்தப் பக்கம் எழுதுவது? உங்கள் எலுமிச்சையைத் தின்னும் அந்தப் புழுதான் இன்னும் மூன்று நான்கு வாரத்தில் சிறகு முளைத்துப் பூப்பூவாகப் போகப்போகிறது. சரி, கருவண்டு? கத்தரிப்பூவுக்கு அதைவிட நல்ல விருந்தாளி இல்லை. அதே கருவண்டு நீளக் குழல் உள்ள பூக்களுக்குப் போனால் வாசல் வழியாக நுழையாமல் அடிப்பக்கத்தைக் கீறித் தேனைத் திருடிவிட்டுப் போய்விடும். எறும்பைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டும், இரண்டு முறை.

அதனால் பட்டியலை விட்டுவிடுங்கள். ஒரு பூச்சி எந்தச் செடியில், எந்தப் பருவத்தில் இருக்கிறது, அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். அதோடு, செடி சும்மா நிற்கிறது, பூச்சிதான் வந்து ஏதோ செய்துவிட்டுப் போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செடி ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லை. உங்கள் நான்கு செடிகளை வைத்தே சொல்கிறேன்.

எலுமிச்சையிலிருந்து தொடங்குவோம். காலை வெயில் ஏறும் நேரத்தில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமான ஒரு வண்ணத்துப்பூச்சி கன்றைச் சுற்றிச் சுற்றி வரும். தேனுக்காக வரவில்லை, கன்றில் ஏது பூ? ஓர் இலைமேல் ஒரு கணம் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். அடுத்த இலையிலும் தட்டும். பக்கத்துச் செம்பருத்தியில் தவறிப்போய் உட்கார்ந்தால், தட்டிய வேகத்திலேயே எழுந்துவிடும். அதற்குக் காலில்தான் நாக்கு. எலுமிச்சைக் குடும்பத்துக்கே உரிய வேதிப்பொருள்கள் காலில் தட்டுப்பட்டதும் வயிற்றை வளைத்துக் கொழுந்தில் ஒரு முட்டை வைக்கும். குண்டூசித் தலையளவு, வெளிர்மஞ்சள். அப்புறம் அடுத்த கொழுந்து.

மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு, பழுப்பும் வெள்ளையுமாக, இலையில் விழுந்து காய்ந்த பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பறவை தன் எச்சத்தையே கொத்தித் தின்னாது அல்லவா? வளர்ந்து விரல் நீளத்தை நெருங்கும்போது இந்த வேஷம் செல்லாது, அவ்வளவு பெரிய எச்சத்தை எந்தப் பறவையும் நம்பாது. அதனால் கடைசி முறை தோலுரிக்கும்போது பச்சைக்கு மாறிவிடும். அந்தப் பச்சைப் புழுவை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோல் பிளவுபட்ட செம்மஞ்சள் கொம்பு ஒன்று பிதுங்கி வரும், கூடவே குப்பென்று ஒரு நெடி. எறும்பையும் சின்னச் சின்ன எதிரிகளையும் விரட்டுவதற்கான ஏற்பாடு அது.

எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வரும் வாசனை நமக்குப் பிடித்திருக்கலாம், ஆனால் செடி அதை நமக்காகத் தயாரிக்கவில்லை. இலையைக் கடிக்க வரும் பெரும்பாலான பூச்சிகளுக்கு அது ஆகாது. இந்தப் புழு மட்டும் அந்த நச்சைச் செரித்துத் தள்ளும் நொதிகளோடு பிறக்கிறது. மற்றவர்களுக்கு ‘உள்ளே வராதே’ என்று எழுதிய பலகை இதற்கு மட்டும் ‘வீடு இங்கேதான்’ என்று படிக்கிறது. தாய் காலால் தட்டித் தேடியதும் அந்தப் பலகையைத்தான்.

இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஏன் ஒரு சில செடிகளோடு நின்றுவிடுகின்றன என்பதற்குப் பெரிய காரணம் இது. ஒவ்வொரு செடிக் குடும்பமும் தனக்கென்று ஒரு நச்சு வைத்திருக்கிறது. அதை உடைக்கக் கற்றுக்கொண்ட பூச்சி அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்கிறது, மற்றச் செடிகளின் நச்சு அதற்கு விளங்குவதில்லை. அதனால் எலுமிச்சைப் புழு உங்கள் கத்தரிக்குத் தாவிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பட்டினி கிடந்தாலும் தின்னாது. எல்லாவற்றையும் மேயும் பச்சைக்காய்ப்புழு, புரோடீனியாப் புழு போன்றவை உண்டு. அவை வேறு ரகம்.

ஆடுதின்னாப்பாளை என்று ஒரு செடி. பெயரிலேயே பாதி உயிரியல் இருக்கிறது. ஆடுகூட ஒதுக்கும் கசப்பு நச்சு அதில் உண்டு. ஆனால் சிவப்பு உடல் கொண்ட சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் அதைத்தான் தேடித் தின்னும். நச்சைச் செரிப்பதோடு விடாமல் உடம்பில் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்துக் கடித்த பறவை மறுமுறை அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாலே விலகிவிடும். எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியனும் இதே வித்தைக்காரிதான். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுகள் இருக்கின்றன, அவற்றைச் சேமித்துக்கொண்டுதான் அவ்வளவு நிதானமாகப் பறக்கிறது. இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்கிற இன்னொரு வண்ணத்துப்பூச்சி இனம் உண்டு, உடம்பில் நச்சே கிடையாது. அதன் பெண்களில் சில மட்டும் ஆடுதின்னாப்பாளைக்காரியின் சிவப்புப் புள்ளிகளை அப்படியே வேஷம் போட்டுக்கொண்டு திரியும். ஒரு செடி ஆட்டுக்குப் பயந்து செய்த நச்சு, அதைத் தொட்டே பார்க்காத ஒரு பூச்சியைப் பறவையிடமிருந்து காப்பாற்றுகிறது.

உங்கள் கன்றுக்கு வருவோம். முழங்கால் உயரம்தான் என்றால் புழுக்களைக் கையால் எடுத்துவிடுங்கள், பத்து இலை உள்ள கன்று இரண்டு புழுவைக்கூடத் தாங்காது. பக்கத்தில் பெரிய எலுமிச்சை மரம் இருந்தால் அதில் விட்டுவிடலாம். மரமாகிவிட்டால் மறந்தே விடுங்கள். அந்த மரம் பூக்கும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். எலுமிச்சைக் குடும்பத்துப் பூக்களின் தேனில் மிகச் சிறிய அளவில் கஃபீன் இருக்கிறது. காப்பிப் பூவின் தேனிலும் உண்டு. கஃபீன் கலந்த தேனைக் குடித்த தேனீக்கள் அந்தப் பூவின் வாசனையை நெடுநேரம் மறப்பதில்லை என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இலையைத் தொடாதே என்று நச்சு வைக்கிற அதே மரம், பூவை மறக்காதே என்று இன்னொன்றைச் சொட்டுக் கணக்கில் கலக்கிறது.

இனி கத்தரி. ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு கூம்பு. அது மகரந்தப்பைகள் ஒன்றுசேர்ந்து நிற்பது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நெடுக்காக வெடித்து மாவு வெளியே தெரியும். கத்தரியில் ஒவ்வொரு பையின் நுனியிலும் குறுகிய துளை மட்டும்தான், மிளகுத்தூள் டப்பா மாதிரி. தொட்டால் விரலில் ஒன்றும் ஒட்டாது. தேன் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பிறகு யார் வருவார், எதற்கு வருவார்?

கருவண்டு வரும். மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் பெரிய கறுப்புத் தேனீயைத்தான் சொல்கிறேன், வண்டு என்பது நாம் வைத்த பெயர். பூவில் தொங்கியபடி அந்தக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இறக்கை அசையாது, ஆனால் பறக்கப் பயன்படும் தசைகளை மட்டும் அதிரவிடும். காதை வைத்துக் கேளுங்கள். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் சுருதி ஏறி, கொசுவைப் போல் ஒரு வெட்டு வெட்டும். அந்த அதிர்வில் நுனித் துளைகளிலிருந்து மகரந்தம் புகைபோலப் பீய்ச்சி அதன் வயிற்றில் அப்பும். வயிற்றில் நீலநிற வரி உள்ள சின்னத் தேனீ ஒன்றும் இதைச் செய்யும். தேனுக்காக வளர்க்கிற தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. வந்தாலும் ஏற்கெனவே சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆகவே கத்தரி காய்க்கத் தேனீப் பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்ததற்குப் பதில்: அது இந்த வேலைக்கு ஆள் இல்லை. தோட்டத்தில் ஒரு காய்ந்த மரக்கட்டையோ மூங்கில் துண்டுகளோ மழை படாமல் கிடக்கட்டும், கருவண்டு குடியேறும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். கத்தரியில் சில பூக்களுக்குச் சூல்முடி மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் உள்ளேயே அமுங்கிக் கிடக்கும். முதல் வகைதான் காயாகும். இரண்டாம் வகை உதிர்ந்தால் யார்மேலும் குற்றம் இல்லை. கடும் வெயிலில் நல்ல பூவும் உதிரும். அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இல்லை. வண்டு வராத மாடியாக இருந்தால் காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் வைத்து அதிரவிடுகிறவர்களும் உண்டு, கருவண்டுக்குக் கொஞ்சம் நெருக்கமான நகல் அது.

ஆவாரம்பூ இதே வேலையை இன்னும் சாமர்த்தியமாகச் செய்கிறது. அதிலும் தேன் இல்லை. நடுவில் இருக்கும் குட்டை மகரந்தப்பைகள் வண்டுக்கு உணவு. வண்டு அவற்றை அதிரவிட்டுச் சேகரிக்கும் நேரத்தில், வளைந்து நீண்ட மற்றப் பைகள் அதன் உடம்பில் கைக்கு எட்டாத இடத்தில் மகரந்தத்தைத் தூவிவிடும். கூலி ஒரு பையில், அனுப்ப வேண்டிய சரக்கு இன்னொரு பையில்.

பூசணி விஷயம் எளிது. மெல்லிய காம்போடு நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிக் காயோடு நிற்பது பெண்பூ. அந்தக் குட்டிக்காய் மகரந்தம் சேர்வதற்கு முன்பே இருக்கும். அதைப் பார்த்துப் பிஞ்சு பிடித்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். பூ விடியும்போது விரிந்து உச்சி வெயிலுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பல முறை வந்து போயிருக்க வேண்டும், மகரந்தம் போதவில்லை என்றால் செடி அந்தக் காயைக் கைவிட்டுவிடும். நீங்கள் சொல்லும் மஞ்சள் உதிர்வு பெரும்பாலும் இதுதான். காயில் ஊசி குத்தியதுபோல் புள்ளியும், அதிலிருந்து பிசின் கசிவும், உள்ளே வெள்ளைப் புழுவும் இருந்தால் அது காய் ஈயின் வேலை. அந்தக் காயை எருக்குழியில் போடாமல் இறுகக் கட்டிய பையில் வெயிலில் வைத்து அழித்துவிடுங்கள். மகரந்தக் குறை என்றால் விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் நடுவே தடவினால் போதும்.

கையால் தடவுவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். உலகத்து வெனிலாத் தோட்டங்கள் பலவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன வெனிலாக் கொடி இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பூத்தது, காய்க்கவில்லை, அதன் ஊர்த் தேனீக்கள் அங்கே இல்லாததால். 1841இல் எட்மன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், பூவுக்குள் இருக்கும் தடுப்புத் தோலைச் சிறு குச்சியால் விலக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றுவரை அதே முறைதான். மறுபக்கம், எண்ணெய்ப்பனைக்கு மலேசியாவில் ஆள் வைத்து மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலைக்கு ஆள் தேவைப்படாமல் போனது.

ஒரு எச்சரிக்கை. ‘மருந்தை மாலையில் அடியுங்கள், தேனீ இருக்காது’ என்று எல்லோரும் சொல்வார்கள். பூசணிக்கு அது சரி. பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையில்தான் பூக்கும். இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பாருங்கள், வெள்ளைச் சுரைப்பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி நீளக் குழலை நீட்டிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சி தெரியும். மாலை மருந்து நேராக அதன்மேல்தான் விழும்.

பூவும் பூச்சியும் என்று பேச்சு வந்த பிறகு அத்தியைச் சொல்லாமல் விட முடியாது, உங்கள் கேள்வியில் அது இல்லையென்றாலும். அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை, அத்திக்காய் என்று நாம் பார்ப்பதே உள்பக்கம் திருப்பிய பூங்கொத்து. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களை உள்ளே வைத்துத் தைத்த பை. நுனியில் செதில்கள் மூடிய ஒரு சிறு வாசல். அதன் வழியாக ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி ஒன்று நெருக்கியடித்து நுழையும். நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும், திரும்பி வரும் எண்ணம் அதற்கு இல்லை. உள்ளே பூக்களில் தான் சுமந்துவந்த மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையும் வைத்துவிட்டு அங்கேயே செத்துப்போகும். அடுத்த தலைமுறையில் முதலில் பொரிவது ஆண்கள். இறக்கை இல்லை, கண்ணும் பெயரளவுக்குத்தான். இன்னும் வெளிவராத பெண்களோடு இணைந்து, அவர்கள் வெளியேறக் காயின் சுவரில் துளை போட்டுவிட்டு இறந்துவிடும். பெண்கள் புது மகரந்தத்தோடு அந்தத் துளை வழியே பறந்து, ஓரிரு நாள் ஆயுளுக்குள் அடுத்த அத்தியைத் தேட வேண்டும். ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி’ என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தப் பூச்சி இல்லையென்றால் காட்டில் அத்தி விதையே இல்லை. ஆல், அரசு எல்லாம் இதே குடும்பம், பெரும்பாலும் ஒவ்வொரு மரத்துக்கும் அதற்கென்றே ஒரு குளவி. 1880களில் சுமிர்னா வகை அத்தியைக் கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் நட்டவர்களுக்கு வருஷக்கணக்கில் காய் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். குளவியைக் கொண்டுவந்து 1899இல் அது நிலைத்த பிறகுதான் மரம் காய்த்தது.

இப்போது ஒரு பாவமன்னிப்பு. தோட்டம் போட ஆரம்பித்த முதல் வருஷம், தக்காளிச் செடியில் ஒரு தடித்த பச்சைப் புழு. முதுகெல்லாம் அரிசிமணிபோல் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. முட்டை, இது பொரித்தால் தோட்டமே காலி என்று புழுவோடு சேர்த்து நசுக்கினேன். அடுத்த நாள் இன்னும் நான்கைந்து அப்படியே கிடைத்தன, அவற்றையும். புழு முட்டையிடாது என்ற சாதாரண விஷயம் அன்றைக்குத் தோன்றவில்லை. அவை ஒரு சின்னக் குளவியின் கூட்டுப்புழுக்கள். தாய்க் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையை ஊசிபோல் இறக்கிவிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, அதன் முதுகிலேயே பட்டுக்கூடு கட்டிக்கொள்ளும். என் தோட்டத்துக்கு வந்திருந்த காவல்காரர்களை நானே ஒருவர் விடாமல் நசுக்கியிருந்தேன்.

அந்தக் குளவிக்குப் புழு இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? பச்சை இலையில் பச்சைப் புழு, அதற்கு வாசனையும் அதிகம் இல்லை. 1990இல் மக்காச்சோளத்தில் செய்த ஆய்வு ஒன்று இதற்கு விடை சொன்னது. புழு இலையைக் கடித்ததும் பயிர் சில ஆவிப்பொருள்களை வெளியிடுகிறது, குளவி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கத்தியால் இலையைக் கீறினால் அந்த வாசனை அவ்வளவாக வருவதில்லை, கீறிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால் வருகிறது. அதாவது வெட்டியது கத்தியா புழுவா என்று செடிக்கு வித்தியாசம் தெரிகிறது. எச்சிலில் உள்ள எந்தப் பொருள் இதைத் தூண்டுகிறது என்பதை 1997இல் பிரித்தெடுத்தும் காட்டினார்கள்.

செடி அலறுகிறது, உதவிக்குக் கூப்பிடுகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் உறுத்தும். செடிக்கு எண்ணம் இருக்கிறதா என்பதற்குள் போகாமலே இதைச் சொல்லிவிடலாம்: காயம்பட்ட இலை நாறுகிறது, அந்த நாற்றத்தைப் படிக்கத் தெரிந்த குளவிக்கு இரை கிடைக்கிறது. இருவருக்கும் லாபம், அதனால் பழக்கம் நீடிக்கிறது.

சரி, மிளகாய், அசுவினி, எறும்பு. அசுவினி ஊசி வாயைக் கொழுந்தின் சாற்றுக்குழாய்க்குள் இறக்கி உட்கார்ந்திருக்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச்சத்து சொற்பம். தேவையான சொற்பத்துக்காக நிறைய உறிஞ்சி, மிச்சச் சர்க்கரையைப் பின்பக்கமாகச் சொட்டுவிடும். இலையில் பிசுபிசுப்பும், பிறகு கரிபூசியதுபோல் கரும்பூஞ்சையும் வருவது அதனால்தான். எறும்பு அந்தச் சொட்டுக்காக வருகிறது. உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தடவ, சொட்டு வரும். கறவை மாடு என்று சொல்வது மிகையே இல்லை, ஏனென்றால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு வந்தால் எறும்பு அதை விரட்டவும் செய்யும். ஆகவே முதல் வேலை அசுவினிக்கு மருந்து அடிப்பது அல்ல, எறும்பின் வழியை அடைப்பது. தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அந்தச் செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். தொட்டியின் விளிம்பும் இலைகளும் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அவர்களுக்குப் பாலம். அப்புறம் கொழுந்துகளைத் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிவிடுங்கள். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பகுதி திரும்பி ஏறாது.

எறும்பைத் திட்டி முடிப்பதற்குள் ஆமணக்கு இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையில் சேரும் இடத்தில் பொத்தான்போல் சிறு முடிச்சுகள், தொட்டால் ஈரம். அது தேன். பூவில் இல்லை, இலைக்காம்பில். மகரந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் செடி ஏன் தேன் வைக்கிறது? எறும்புக்காக. எறும்பு நடமாடும் இலையில் புழுவின் முட்டையும் குட்டிப்புழுவும் தங்குவது கஷ்டம். தட்டைப்பயறு, பருத்தி எல்லாம் இதைச் செய்கின்றன. மத்திய அமெரிக்காவில் ஒரு வேலமரம் இன்னும் ஒரு படி மேலே போய், ஊதிய முள்ளுக்குள் வீடும் இலைநுனியில் சோறும் கொடுத்து எறும்புப் படையையே குடிவைத்திருக்கிறது. மிளகாயில் எதிரிக்குக் காவல் நிற்கிற எறும்பு, ஆமணக்கில் செடிக்குக் காவல். இதைத்தான் இரண்டு முறை எழுத வேண்டும் என்றேன்.

ரோஜா இலை ஓரத்தில் காம்பஸ் வைத்து வெட்டியதுபோல் அரைவட்டங்கள் தெரிந்தால் பதற வேண்டாம். இலைவெட்டித் தேனீ, துண்டைச் சுருட்டிக் குஞ்சுக்குத் தொட்டில் செய்யக் கொண்டுபோயிருக்கிறது. தின்னவில்லை.

மருந்துக்கு வருகிறேன். அதை நான் அடியோடு மறுக்கிறவன் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அசுவினி ஆணில்லாமலே குட்டி போடும், பிறக்கிற குட்டியின் வயிற்றில் அடுத்த குட்டி ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கும். பொறிவண்டு அப்படி இல்லை. துணை தேடி, முட்டையிட்டு, புழுவாகி, கூடாகி, வண்டாக மூன்று நான்கு வாரம் ஆகும். இருவர்மேலும் ஒரே நாளில் மருந்து விழுந்தால் முதலில் எழுந்து நிற்பது யார்? கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபலே என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, அங்கே அதைத் தின்னும் ஒரு சின்னப் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு வருஷத்தில் செதில்பூச்சி அடங்கிவிட்டது. 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது, தோட்டங்களில் அடித்தார்கள். பொறிவண்டு செத்தது, அரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்த செதில்பூச்சி மறுபடி வெடித்தது.

வேப்பெண்ணெய் பரவாயில்லையா என்று கேட்டிருந்தீர்கள். இலையைத் தின்கிற பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரிப்பதைக் குழப்பும், அதனால் இலையில் உட்கார்ந்து தின்னாத குளவிக்கும் தேனீக்கும் பாதிப்பு குறைவு. பாதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பூவிலும் பொறிவண்டுக் குஞ்சின் மேலும் படாமல், தேவைப்படும் கிளையில் மட்டும் அடியுங்கள். அந்தக் குஞ்சை அடையாளம் தெரிந்துகொள்வது முக்கியம், அது வண்டு மாதிரியே இருக்காது. சாம்பல் கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, முள்முள்ளாக, குட்டி முதலை நடப்பதுபோல் இருக்கும். புழு என்று நினைத்து முதலில் நசுக்கப்படுவது அதுதான்.

மிளகாய்க் கொழுந்தில் இன்னொன்றையும் தேடுங்கள். பச்சை அசுவினிகளுக்கு நடுவே சில மட்டும் உப்பி, வெண்கல நிறத்தில், காகிதம்போல் காய்ந்து இலையோடு ஒட்டியிருக்கும். தொட்டால் நகராது. அவை குளவி குடியேறிய அசுவினிகள். பத்தில் இரண்டு மூன்று அப்படி இருந்தால் அந்தச் செடியில் எதையும் அடிக்காமல் பத்து நாள் விடுங்கள். முதுகில் வட்டமாக மூடி திறந்ததுபோல் ஓட்டை தெரிகிற கூட்டிலிருந்து குளவி ஏற்கெனவே வெளியேறிவிட்டது. பக்கத்துக் கொழுந்தில்தான் எங்கேயாவது இருக்கும்.